சராசரிச் சத்தம்

ஆபீசில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர். டிவி விளம்பரங்கள் அளவுக்கு மீறிக் கத்துகின்றனவா என்று அளந்து சொல்லும் அரசாங்க வேலை. பதினெட்டு வருஷமாகக் காதில் ஹெட்போன், மேஜையில் மீட்டர். சோப்பு, சிமென்ட், பற்பசை என்று எது கத்தினாலும் முதலில் அவள் காதில்தான் கத்தியாக வேண்டும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. விளம்பரம் முழுவதுக்கும் சேர்த்துச் சராசரிச் சத்தத்தைத்தான் பார்ப்பார்கள். கம்பெனிக்காரன் என்ன இளிச்சவாயனா? இருபது நொடி கிசுகிசுப்பான், கடைசி ஐந்து நொடி காது கிழியக் கத்துவான். சராசரி போட்டால் பரம சாது! மீட்டரம்மா மூன்று முறை மேலதிகாரிக்கு எழுதிப் போட்டாள்.

“சட்டத்துல சராசரின்னுதாம்மா இருக்கு. உங்க காது வலிக்குதுன்னு நோட்டீஸ் அனுப்ப முடியுமா?” என்றார் அவர்.

இந்த நியாயம் அவளுக்குப் புதிதல்ல. புருஷன் வாரம் முழுக்க வாயே திறக்கமாட்டான். மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, பின்னால் வந்து, காதருகே ஒரே கத்து. கையிலிருக்கும் தட்டு நழுவும். அவள் நடுங்குவதைப் பார்த்துச் சிரிப்பான். மாமியாரிடம் சொன்னால், “எப்பவுமா கத்துறான்? கூட்டிக் கழிச்சுப் பாத்தா எம்புள்ள தங்கம்” என்பாள். தங்கமாம், தங்கம்! இருபத்தாறு வருஷம் அப்படி ஓடியது.

போன வருஷம் தங்கத்துக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் போயிற்று, பேச்சும் போயிற்று. கண்ணும் காதும்தான் மிச்சம். மீட்டரம்மா ஒரு குறை வைக்கவில்லை. வேளைக்குச் சாப்பாடு, தினமும் துவைத்த விரிப்பு. வேலைக்குக் கிளம்பும்போது கட்டிலருகே டிவியைப் போட்டு, ரிமோட்டை அலமாரிமேல் வைத்துவிட்டுப் போவாள். சேனலை மட்டும் யோசித்துப் போடுவாள். அந்த ஐந்து நொடிகள் எந்தச் சேனலில் அதிகம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

வெளியூரிலிருந்து மகள் பத்து நாள் தங்க வந்தாள். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

“அம்மா, விளம்பரம் வந்தாலே அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடுது. அழறாரும்மா. நான் அவரை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

கட்டிலில் கிடந்தவனின் கண்கள் விரிந்தன. எத்தனையோ மாதத்துக்கப்புறம் அவற்றில் உயிர் வந்திருந்தது. மீட்டரம்மா அதைக் கவனித்தாள். இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு வருஷம்தானா கணக்கு?

“சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாதடி. நாளைக்கு ஆபீஸ் மீட்டரக் கொண்டாறேன். நீயே பாரு.”

மறுநாள் தலையணை பக்கத்தில் மீட்டரை வைத்து, மகள் கண்முன்னே ஒரு மணி நேரம் அளந்தாள். ஒரு பொய் இல்லை, ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. அத்தனை விளம்பரமும் அளவுக்குள்தான் இருந்தது. கட்டிலில் இருந்தவன் மகளையே பார்த்துக்கொண்டு கண்ணைக் கண்ணைச் சிமிட்டினான்.

மகளுக்கு நெஞ்சு கூசியது. இப்படித் தாங்குகிற அம்மாவையா சந்தேகப்பட்டோம்! பத்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“அம்மா மாதிரி யாருப்பா பாத்துப்பாங்க? வீணா பயப்படாதீங்க. நான் போயிட்டா உங்களுக்குப் பொழுதே போகாது” என்று, டிவியைத் தானே போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.