அருளம்பலத்தின் மிச்சப் பக்கங்கள்

உரும்பிராயில் ஒருவர் இறந்தால் முதலில் ஐயருக்குச் சொல்வார்கள். அடுத்தது அருளம்பலத்துக்கு. முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் கல்வெட்டை அவர்தான் அச்சடிப்பார். கல்வெட்டு என்பது மெல்லிய புத்தகம். இறந்தவரின் படம், பதிகங்கள், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, நன்றி. தாளை மடித்தால் நான்கு பக்கம் என்பதால் புத்தகம் நான்கின் மடங்கில்தான் முடியும். எவருடைய வாழ்க்கையும் அப்படி முடிவதில்லை. கடைசியில் இரண்டு மூன்று பக்கம் மிஞ்சும்.

மற்ற அச்சகங்கள் மிஞ்சிய பக்கத்தில் நீரிழிவுக்காரருக்கான உணவு அட்டவணை போடும். அருளம்பலம் சிறுவர் புதிர் போட்டார்.

அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பந்தலுக்குள் கதிரை தள்ளி விளையாடி அடி வாங்குவதோடு சரி.

“அதுகளும் வந்த ஆக்கள்தானே,” என்பார் அருளம்பலம். “அதுகளின்ரை கையிலையும் ஏதாவது குடுக்கவேணும்.”

ஆகவே சிவபதமடைந்தவரின் நன்றிப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு முயல் கரட்டுக்கு வழி தேடியது. மனிதனின் கழுத்தில் எத்தனை எலும்போ ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் அத்தனைதான் என்று ஊர் அறிந்துகொண்டது.

ஒருமுறை காகித மீன் செய்யச் சொல்லி, ‘புள்ளிக்கோட்டில் வெட்டுக’ என்று போட்டுவிட்டார். அந்தத் தாளின் பின்பக்கம் ஓய்வுபெற்ற தபாலதிபரின் வாழ்க்கைக் குறிப்பு. பந்தி முடிவதற்குள் பந்தலெல்லாம் மீன். ஒவ்வொரு மீனின் வயிற்றிலும் தபாலதிபரின் கலியாணம். மறுநாள் குடும்பமே அச்சகத்துக்குச் சண்டைக்கு வந்தது. கூட வந்த தபாலதிபரின் மனைவி எல்லோரும் கத்தி முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டா: “தம்பி, வாலை எப்பிடி மடிக்கிறது? எனக்கு மீன் நிக்குதில்லை.”

அதன்பிறகு சனம் கேட்டு வாங்கத் தொடங்கியது. “போன மாசம் அவையின்ரை கல்வெட்டிலை வழி கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் சென்றதாம். எங்கடை அம்மாவுக்கு அதைவிடக் கஷ்டமாய் வேணும், அண்ணை.”

கடைசிக் காலத்தில் அவர் விரும்பிச் செய்தது ஆறு வித்தியாசம். இறந்தவரின் படத்தையே அருகருகே இரண்டு தரம் போடுவார். இரண்டாவதில் மீசை முனை கொஞ்சம் குட்டை. சேட்டில் ஒரு பொத்தான் இல்லை. திருநீற்றுக் குறி ஒன்று குறைவு.

புரட்டாதியில் அவரே இறந்தார். மாரடைப்பு. மகள் உதயகலா மின்பொறியியலாளர். கொழும்பிலிருந்து வந்து செய்யவேண்டியதெல்லாம் செய்தாள். பிறகு அச்சகத்தில் கணினிக்கு முன்னால் இருந்தாள். பதிகம், குறிப்பு, வம்சாவளி, நன்றி எல்லாம் போட்டாயிற்று. மூன்று பக்கம் மிஞ்சியது.

அருளம்பலத்தின் அண்ணன் ஆழ்வாப்பிள்ளை ஒரு தாளோடு வந்தார். உணவு அட்டவணை.

“பிள்ளை, கொப்பன் ஊரிலை செத்த எல்லாரையும் விளையாட்டாக்கினவன். அவன்ரையாவது மரியாதையாய்ப் போகட்டும். உந்தப் புதிரை விட்டிட்டு இதைப் போடு. பயனுள்ளது.”

“அப்பாவுக்குச் சீனி வருத்தம் இல்லையே, பெரியப்பா.”

“வாற சனத்துக்கு இருக்கல்லோ?”

அந்த அச்சகத்தில் புதிர் இல்லாமல் வெளிவரும் ஒரே கல்வெட்டு அப்பாவினுடையதாக இருக்கப்போகிறது.

“நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை என்னாலை ஒரு புதிர் செய்ய ஏலாட்டி உங்கடை அட்டவணையைப் போடுறன்,” என்றாள்.

மறுநாள் காலை முதலில் முயலுக்கு வழி வரைந்தாள். மின்சுற்று எங்கும் அறுந்துபோகக் கூடாது என்பது தொழிற்பழக்கம். ஒரு முட்டுச்சந்துகூட வரவில்லை. நெடுங்காலமாக அங்கே பக்கம் கோக்கிற பெர்னடெட் எட்டிப் பார்த்தா.

“தங்கச்சி, இதிலை முயல் கண்ணை மூடிக்கொண்டு போகும்.”

அதை அழித்துவிட்டு அப்பாவின் படத்தை எடுத்தாள். இரண்டு தரம் வைத்தாள். வலப்பக்கப் படத்தில் காதோர மச்சத்தை அழித்தாள். அது வேறு யாரோ. திரும்பக் கொண்டுவந்தாள். மீசை முனையைக் குறைத்தாள். திரும்ப வளர்த்தாள். மத்தியானமாயிற்று.

“ஒரு பொத்தானையாவது எடுங்கோவன்,” என்றா பெர்னடெட்.

“அது அம்மா தைச்சது, அக்கா.”

“அப்ப மூக்குக்கண்ணாடி?”

“அது இல்லாட்டி அவருக்குக் கண் தெரியாது.”

“படத்திலையோ?”

உதயகலா கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். வெயில் சாயும்போது ஆழ்வாப்பிள்ளையின் சைக்கிள் மணி கேட்டது. அவள் இரண்டு படத்தின் கீழும் ‘ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள்’ என்று அடித்து, அப்படியே அச்சுக்கு அனுப்பினாள். இரண்டும் ஒரே படம். மயிரளவு மாற்றம் இல்லை.

அந்தியேட்டியன்று பந்தி முடிந்ததும் பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்துப் பென்சில் பிடித்தார்கள். உதயகலா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது ஒரு பிள்ளை எழும்பி ‘இது பொய்’ என்று சொல்லும்.

பெர்னடெட்டின் பேத்தி அபிகாயில் எழும்பி வந்தாள்.

“அன்ரி, ஒண்டு பிடிச்சிட்டன். இதிலை ஆள் சிரிக்கப் போறார். அதிலை சிரிச்சு முடிஞ்சுது.”

இன்னொருத்தன் கத்தினான்: “இதிலை இவர் என்னைப் பாக்கிறார். மற்றதிலை உன்னை.”

பெரியவர்களும் புத்தகத்தை விரித்தார்கள். வெற்றிலைத் தட்டு அப்படியே கிடந்தது. மூக்குக்கண்ணாடிகள் கைமாறின. நெற்றிச் சுருக்கம் ஒன்று கூடுதல் என்றார் ஒருவர். குறைய என்றார் மற்றவர். மைப்பொட்டு ஒன்றுக்காக இரண்டு மச்சான்மார் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

ஆழ்வாப்பிள்ளை புத்தகத்தோடு அவளிடம் வந்தார்.

“பிள்ளை, ஏழு இருக்கு. ஆறெண்டு பிழையாய்ப் போட்டிருக்கிறாய்.”

“எங்கை, காட்டுங்கோ பெரியப்பா.”

அவர் கதிரையில் அமர்ந்து விரலால் காட்டத் தொடங்கினார். புருவம். மூக்கு நுனி. காது. அவள் ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டாள். நான்காவதில் விரல் நின்றது.

“இதிலை… சின்னனிலை இருந்த மாதிரியெல்லே கிடக்கிறான்.”

உதயகலா பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஐந்தாவதைத் தேடத் தொடங்கினாள்.