விறகுக் கொட்டகையில் மூன்று நாள்

என் அம்மா மவுத்தாகிக் கண்மூடியபோது அவளுக்கு எண்பத்தேழு வயது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கல்யாணம் முடிவானதில்லை. புருஷனோடு கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குக் கிளம்பிய பெண்கள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பாதிப்பேர் இங்கேயே சோறு தின்றுவிட்டு வீடு திரும்பினார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் அம்மா மனு எழுத மாட்டாள். நகராட்சிக்கு இருபது பெண்களைக் காலிக் குடத்தோடு அனுப்பிவைப்பாள். அவளுக்குப் பதவி ஒன்றும் கிடையாது. பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். அவர்கள் எதையும் தங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டே முடிவு செய்தார்கள். அந்தப் பெண்கள் அம்மாவைக் கேட்டுச் சொன்னார்கள்.

"பயம்னா என்னன்னே தெரியாத மனுசி" என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு எங்கள் விறகுக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது.

ஐம்பதுகளில் ஒரு கோடை. எனக்கு ஒன்பது வயது. ஊரில் வாந்திபேதி வந்து பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். அம்மா வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியும் எங்களுக்குப் பின்சந்தில் புதிதாகக் குடிவந்திருந்த தையல்காரரின் மனைவி ஒரே நாளில் போய்விட்டாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

இறந்த பெண்ணின் மய்யித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். அந்தக் காரியத்துக்கு வழக்கமாகப் போகிற இரண்டு பேரும் அன்று கதவைத் திறக்கவில்லை. தையல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். படியேறாமல் தெருவிலேயே நின்றார்.

"யாரும் வரமாட்டேங்கிறாகம்மா. வெயில் ஏறுது" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் தகப்பனார், அத்தா, எரியோடு ஊர்ப் பக்கம் போய் ஆட்டுத்தோல் வாங்கி வரும் வியாபாரி. சந்தையில்கூடக் குரலை உயர்த்தாதவர். அன்றைக்கு உயர்த்தினார்.

"நீ போகக் கூடாது. ரெண்டு புள்ளைக்குத் தாய் நீ. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதுகள யாரு பாக்குறது?"

"அவளும் ஒருத்தி பெத்த புள்ளதான? குளிப்பாட்டாம மண்ணுக்குள்ள அனுப்பச் சொல்றீகளா?"

 என்னிடம் ஒரு யோசனை இருந்தது. வெளியே போகும்போது அம்மா போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டி கொடியில் கிடந்தது. அது இல்லாமல் அவள் வாசல் தாண்ட மாட்டாள். சுருட்டி நெல் மூட்டைக்குப் பின்னால் திணித்துவிட்டேன்.

அம்மா இரண்டு இடத்தில் தேடினாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். தம்பி படுத்திருந்த கட்டம் போட்ட போர்வையை உருவிப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. அவள் பாதித்தூரம் போனதும் ஒரு கதவு திறந்தது. முதலில் வர மறுத்த இருவரில் ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தாள். பின்னாளில் தெரு இதை வேறு மாதிரி சொன்னது. மய்யித்தைச் சுற்றும் கபன் துணி கிடைக்காமல் அம்மா தன் துப்பட்டியையே அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம். நான் திருத்தவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்குக் கொல்லை வழியாகத் திரும்பி வந்தாள். கிணற்றடியில் குளித்து, கட்டியிருந்ததைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு, விறகுக் கொட்டகைக்குள் போனாள்.

"மூணு நாள் கழிச்சு வாரேன். புள்ளைகள கிட்ட விடாதீக" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் ஓலைப் படலைச் சாத்திக்கொண்டாள்.

துப்பட்டியை ஒளித்ததற்காகத்தான் என்னிடம் வராமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். கொட்டகையில் இருமல் கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம். அத்தா தோல் வாங்கப் போகாமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார். படலுக்கு வெளியே அவர் வைத்த சோறு இரண்டாம் நாள் காலையில் அப்படியே இருந்தது. காக்காய்தான் கொத்தியது. நான் துப்பட்டியை எடுத்துவந்து, அல்லாஹ் பார்க்கட்டும் என்று மறுபடி கொடியில் போட்டேன்.

மறுநாள் அம்மா நல்லபடியாக வெளியே வந்துவிட்டாள். ஆனால் அந்த இரண்டாம் நாள் மதியம் அது எங்களில் யாருக்கும் தெரியாது.

அத்தா தொழப் போயிருந்தார். கொட்டகைக்குள்ளிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. தையல்காரர் மனைவிக்கும் இப்படித்தான் தொடங்கியதென்று பேசிக்கொண்டார்கள்.  எப்படியோ படல் வரைக்கும் போய்விட்டேன்.

"கிட்ட வராத! அங்கயே நில்லு." ஓலை இடுக்கில் அவள் கண் மட்டும் தெரிந்தது. "ஒண்ணுமில்ல. வெறும் வயித்துல வெத்தலையப் போட்டுட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. வெற்றிலைதான் என்றால் அது வெற்றிலைதான். திரும்பி நடந்தேன்.

"ஏ புள்ள, போகாத. செத்த நேரம் உக்காந்து ஏதாச்சும் பேசு."

"என்ன பேச?"

"எதையாச்சும்."

உட்கார்ந்தேன். காக்காய் சோப்பைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். "அப்புறம்?" என்றாள். தம்பி அடுப்புக் கரியைத் தின்றதைச் சொன்னேன். சாதாரண நாளாயிருந்தால் பதறியிருப்பாள். "அப்புறம்?" என்றாள். கடைசியில் துப்பட்டியை ஒளித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அப்புறம்?"

அவள் எதையுமே கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியும் காதில் வாங்காதவளோடு என்ன பேச்சு? எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சொட்டாங்கல் விளையாடக் கிளம்பினேன்.

கொல்லைக் கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து இன்னும் ஒருமுறை "அப்புறம்?" என்று கேட்டது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.