அக்கா தைத்த காற்றுக் குழாய்

என் அக்காவின் தலைக்குள் ஒரு விஷயம் புகுந்துவிட்டால் சோறு தண்ணீர் இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கார் சீட் உறை தைக்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பாவின் பழைய காரில் சீட் கிழிந்தது. கடைக்காரர் கேட்ட கூலியைக் கேட்டு இவளுக்குக் கோபம் வந்தது. தானே பிரித்து, தானே வெட்டி, தானே தைத்தாள். முதலில் கோணலாக வந்தது, பிறகு இன்னும் கோணலாக வந்தது, பிறகு ஒருநாள் அப்பா காரை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் அளவுக்கு வந்தது. இன்றைக்கு வீட்டின் முன் அறையே எங்கள் பட்டறை. அவள் வெட்டுவாள், நான் தைப்பேன், நாள் முழுக்க இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வோம். தெருவுக்கு அவள் தையலக்கா. எனக்குத் தனியாகப் பெயர் கிடையாது, தையலக்கா தங்கச்சி, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் கையில் மூன்று மெஷின்கள் வந்து சேர்ந்தன. எங்களிடம் வாடிக்கையாக சீட் தைக்கும் ஒரு கார்க்காரர் வீட்டில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மெஷின்கள் வைத்திருந்தார். சத்தம் தாங்காமல் அவர் மனைவி, ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். மனிதர் அதற்கும் கொஞ்சம் யோசித்தார் என்று கேள்வி. கடைசியில் மூன்றையும் அக்கா தலையில் கட்டிவிட்டார். கட்டிவிட்டார் என்று நான்தான் சொல்கிறேன். அக்காவைக் கேட்டால், தான் விடாமல் நச்சரித்து வாங்கியதாகப் பெருமையாகச் சொல்வாள்.

தோண்டுவது என்றால் கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் இல்லை. செருப்புப் பெட்டியைக் கொஞ்சம் நீட்டினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் ஒரு மெஷின். உலகத்தில் இருக்கும் இதே மாதிரிப் பெட்டிகளோடு போட்டி போட்டு இராப்பகலாகக் கணக்குப் போடும். அதற்குக் கூலியாக, கையில் எடுத்துப் பார்க்க முடியாத நாணயத்தில் ஒரு துளி அக்காவின் ஃபோனில் வந்து விழும். மின்சாரத்துக்குப் போக ஏதாவது மிஞ்சுமா என்று கேட்டேன். ஓயாமல் ஓடினால் மிஞ்சும் என்றாள். அந்தத் துளி விழும்போதெல்லாம் தையலை நிறுத்தச் சொல்லி எனக்குக் காட்டுவாள். காசை விட அவளுக்கு அதில் இருந்தது வேறு ஏதோ. பெட்டி எப்படி வேலை செய்கிறது, எதற்குக் கோபப்படுகிறது, எதற்கு அடங்குகிறது என்று அதன் பின்னாலேயே சுற்றினாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவளை அவ்வளவு துள்ளலாக நான் பார்த்ததில்லை.

கோபப்படுவது சூட்டுக்கு. மெஷினின் முன்பக்க விசிறி காற்றை இழுக்கும், பின்பக்க விசிறி வெளியே தள்ளும். தள்ளுகிற காற்று, கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அப்படி அடிக்கும். உள்ளே போகிற காற்று குளிர்ந்திருந்தால் விசிறிகள் அடக்கமாகச் சுற்றும். சூடாகிவிட்டால் வேகம் கூடி, வீடே மிக்ஸிக்குள் இருப்பது போல அலறும். அதற்கும் மேல் போனால் மெஷின் தானாகவே படுத்துவிடும், உடனே அக்காவின் ஃபோன் கத்தும்.

இதெல்லாம் நடந்தது பின்கட்டில் இருந்த சின்ன அறையில். அதற்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு கதவுதான். படுக்கையறையில் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். டவுன் பஸ் ஓட்டுகிறார். விடிவதற்குள் முதல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், மத்தியானம் வந்து சாப்பிட்டுப் படுப்பார். அந்தத் தூக்கம்தான் அவருக்கு முழுத் தூக்கம். மெஷின் வந்த பிறகு மனிதர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார், தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் தூங்கும்போதெல்லாம் அக்கா மெஷினை அணைத்துப் பார்த்தாள். மத்தியானமும் அணைத்து ராத்திரியும் அணைத்தால், பெட்டி ஓடியதை விட ஓய்வெடுத்ததுதான் அதிகம். அதனால் அணைப்பதை விட்டுவிட்டாள்.

சூட்டைக் குறைத்தால் சத்தம் குறையும் என்று அக்கா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். முதலில் மேஜை விசிறி வைத்தாள். அறையில் இருந்த அதே சூடு நன்றாகச் சுற்றி வந்தது. அடுத்து, பழைய ஏசி ஒன்றை மாட்டினாள். அதற்கு மூச்சு வாங்கியதே தவிர அறை ஆறவில்லை. மீட்டர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவளே அதன் வாயை மூடினாள். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஜன்னலில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாள். கொஞ்சம் தேவலை, ஆனால் அலறல் நிற்கவில்லை. என்ன ஆகிறது என்று பார்க்க, குச்சி நுனியில் ஒரு நூலைக் கட்டி அறை முழுக்கப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நூல் பறக்கும் திசையில் காற்று போகிறது என்று அர்த்தம். மெஷினின் பின்னால் கிளம்பிய நூல் ஜன்னலுக்குப் போகாமல், பக்கவாட்டில் வளைந்து மெஷினின் முன்பக்கத்துக்கே வந்தது. துப்பிய சூட்டையே அது மறுபடி குடித்துக்கொண்டிருந்தது.

"சூடு வெளிய போக அதுக்குன்னு ஒரு பாதை வேணும்டி. ரூமுக்குள்ளயே கலக்க விடக்கூடாது" என்றாள். சொல்லும்போதே அவள் பார்வை பட்டறை மூலையில் கிடந்த தடித் துணிச் சுருளுக்குப் போய்விட்டது. ஜீப்புக்கு மேற்கூரை தைக்கிற துணி. வெயிலுக்கும் சூட்டுக்கும் அசராது.

அந்த இரண்டு நாட்கள் எங்கள் பட்டறையில் திருவிழாக் கூட்டம் இல்லாத குறைதான். வந்த வேலைகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு ஆள் உள்ளே நுழைகிற அகலத்துக்குக் குழாய் ஒன்று தைத்தோம். இரட்டைத் தையல், மூட்டுகளில் காற்றுக் கசியாமல் பட்டை. பலகையில் ஒரு பெட்டி செய்து, மூன்று மெஷின்களின் பின்பக்கமும் அதற்குள் திறக்கும்படி வைத்தோம். பெட்டியிலிருந்து குழாய் கிளம்பி, அறையைக் கடந்து, ஜன்னல் ஃபேனில் போய் முடிந்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டு வேலை செய்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அளவு பார்க்க என்னைக் குழாய்க்குள் போகச் சொன்னாள், போனேன்.

சுவிட்சைப் போட்டாள். ஜன்னல் ஃபேன் ஒரு உறுமு உறுமியது. அடுத்த நொடி எங்கள் அருமைக் குழாய், பல நாள் பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி ஒட்டிப் போனது. மேல் துணி கீழ்த் துணியில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. காற்று போக இடமில்லை. சூடு பலகைப் பெட்டிக்குள்ளேயே சிக்கி, மெஷின்கள் இதுவரை கேட்காத குரலில் ஓலமிட்டு, ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்தன. ஃபோன் கத்தியது. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அக்கா முறைத்த முறைப்பில் சிரிப்பை விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்து நின்றார். வழக்கமாக வருவதற்கு முன்பே வந்திருந்தார். சட்டையைக் கழற்றாமல் படுக்கையறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு சிக்னல்ல நிக்கும்போது கண்ணு சொருகிடுச்சு" என்றார். "பின்னாடி ஹாரன் அடிச்சப்பறம்தான் முழிச்சேன்."

"பஸ்ல ஆளுங்க இருந்தாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"நின்னுக்கிட்டு வந்தாங்க."

டிப்போவில் ஓய்வறை இருக்கிறது, இனி அங்கேயே படுத்து எழுந்து வருகிறேன் என்றார், அதுவும் ஏதோ தன் மேல் தப்பு இருப்பது போல. அக்காவின் முகத்தில் அத்தனை நாள் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது.

"நீங்க எதுக்கு வீட்ட விட்டுப் போகணும்? நாளைக்கு மத்தியானம் மெஷின் ஓடும்போதே நீங்க இந்தக் கட்டில்ல தூங்கணும். தூக்கம் வரலன்னா மூணும் சாயங்காலமே வெளிய போயிடும்" என்றாள். சும்மா வாய்ப்பேச்சு இல்லை. அங்கேயே நின்று கார்க்காரருக்கு ஃபோன் போட்டாள். மெஷினுக்கு யாரோ ஆள் கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். நாளை சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டு, அன்று ஒரு பொத்தானையும் தொடாமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அத்தான் வண்டிக்குப் போய்விட்டார். நாங்கள் தள்ளி வைத்த வேலையில் கை வைத்தோம். ஒரு காரின் பின்சீட். உறை இறுக்கமாக வெட்டப்பட்டது, அதற்குள் தடித்த ஃபோம் நுழைய வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஃபோமை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வேக்குவம் கிளீனரின் வாயை அதில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய் ஃபோம் சப்பையாகச் சுருங்கும். அப்படியே உறைக்குள் செருகிவிட்டு வேக்குவத்தை எடுத்தால் பழையபடி உப்பிக்கொள்ளும். தினமும் செய்கிற வேலை. அக்கா வேக்குவத்தைப் போட்டாள், ஃபோம் சுருங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். செருகு என்று நான் இரண்டு தரம் சொல்லியும் செருகவில்லை.

பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"தினமும் இதத்தானே பண்றேன். நேத்து குழாய்க்கும் இதத்தான் பண்ணிருக்கேன். அந்தப் பக்கம் இருந்து உறிஞ்சினா துணி ஒட்டாம என்னடி பண்ணும்? இந்தப் பக்கம் இருந்து ஊதணும்."

ஃபோமை அப்படியே போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். நானும் ஓடினேன். ஜன்னலில் இருந்த ஃபேனைக் கழற்றுவதற்கு எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருக்கும் பொறுமை எங்கள் இருவருக்கும் கிடையாது. மெயினை அணைத்துவிட்டு நாங்களே கழற்றினோம். அதை மெஷின் பக்கம், பலகைப் பெட்டியும் குழாயும் சேரும் இடத்தில் பொருத்தினோம். ஜன்னலில் வலை மட்டும் வைத்து, குழாயின் வாயை அதோடு இறுக்கிக் கட்டினோம். ஆனால் வெளியே போகிற அளவுக்கு உள்ளே காற்று வர வேண்டுமே. அறையின் எதிர்ச் சுவரில், நிழலான சந்துப் பக்கம் பார்த்த ஒரு வென்டிலேட்டர், பெயின்ட் ஒட்டி பல காலமாக மூடிக் கிடந்தது. அக்கா ஸ்டூல் மேல் ஏறி, கத்தரிக்கோலால் நெம்பி அதைத் திறந்தாள். நல்ல கத்தரி, நான் வாயைத் திறக்கவில்லை. படுக்கையறைக் கதவில் மிச்சம் கிடந்த ஃபோம் துண்டுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டினோம். கதவு கார் சீட் மாதிரி ஆகிவிட்டது.

சுவிட்ச். குழாய் முதலில் சோம்பேறித்தனமாக அசைந்தது. பிறகு பெட்டிப் பக்கத்திலிருந்து உப்ப ஆரம்பித்து, மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே போய், ஜன்னல் வரைக்கும் கிண்ணென்று நிமிர்ந்து நின்றது. நாங்கள் போட்ட தையல் ஒன்று கூடப் பிரியவில்லை. அக்கா அதைத் தட்டினாள், மத்தளம் போலச் சத்தம் வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே ஓடிப்போய்க் கையை நீட்டினேன், உள்ளங்கை சுட்டது. உள்ளே அக்கா ஃபோனைப் பிடித்துக்கொண்டு வெப்பம் இறங்க இறங்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். எண் இறங்கியதும் மெஷின் விசிறிகளின் குரலும் இறங்கியது. அலறல் இரைச்சலாகி, இரைச்சல் வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. நாங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். பின்சீட் தைக்கக் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று எவ்வளவு நேரம் கூப்பிட்டாரோ தெரியாது.

மத்தியானம் அத்தான் வந்தார், சாப்பிட்டார், கதவில் ஒட்டிய ஃபோமைப் பார்த்துக்கொண்டே படுத்தார். காதில் வைக்கப் பஞ்சு எடுத்தவரிடமிருந்து அக்கா அதை வாங்கிக்கொண்டாள். பிறகு நாங்கள் இருவரும் தையல் மெஷினைக் கூட ஓட்டாமல் முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா நகத்தைக் கடித்தாள். கொஞ்ச நேரத்துக்கு அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. முழித்துக்கொண்டு படுத்திருக்கிறாரா, தூங்கிவிட்டாரா என்று எட்டிப் பார்க்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

பிறகு கேட்டது ஒரு குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை, மேடேறும் பஸ் மாதிரி ஆழத்திலிருந்து கிளம்பி வந்தது. கல்யாணமான புதிதில் இந்தக் குறட்டையைப் பற்றி என்னிடம் மணிக்கணக்கில் குறை சொன்னவள் அக்கா. இப்போது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பொழுது சாயும் நேரம் வாசலில் கார் வந்து நின்றது. கார்க்காரர் இறங்கி, காலிங் பெல்லை அழுத்தக் கையைத் தூக்கினார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அக்கா செருப்புக் கூடப் போடாமல் பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வயதில் பெரியவர், வாடிக்கையாளர் வேறு. பயந்துபோய் நின்றார்.

"பெல் அடிக்காதீங்க சார்" என்று அக்கா அவர் காதோரம் கிசுகிசுத்தாள். "உள்ள அவரு தூங்குறாரு."

மெஷினை எடுக்கத்தானே வரச் சொன்னீர்கள் என்று அவரும் கிசுகிசுத்தார். அக்கா உள்ளே கையைக் காட்டினாள். மெஷின்களின் முணுமுணுப்பும் அதற்கு மேல் அத்தானின் குறட்டையும் வாசல் வரை கேட்டன. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், தன் வீட்டில் நடக்காதது இங்கே எப்படி நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. நாளைக்கு வந்தால் எல்லாம் காட்டுகிறேன் என்று சொல்லி அக்கா அவரைத் திருப்பி அனுப்பினாள். அவர் காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பப் போனார். அக்கா கார் ஜன்னலுக்குள் கையை விட்டுத் தடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு நானும் அவளுமாகத் தெருமுனை வரை அந்தக் காரைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய் விட்டோம்.