வலைக்கும் ஒரு பங்கு

தீம் பார்க்குக்குப் போவதென்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை, லேப்டாப்பைத் திறந்து எக்ஸெல்லில் ஆளுக்கொரு நிறம் கொடுத்தது. அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்கு மஞ்சள், தம்பிக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. மூன்று வருட பி.காமில் நான் சந்தேகமே இல்லாமல் கற்றுக்கொண்டது கட்டத்துக்கு நிறம் அடிப்பது ஒன்றுதான்.

எங்கள் வீடு வைத்திக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில். அப்பா விசைப்படகில் பங்காளி. அம்மா மீன் விற்கிறார். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இரண்டு மாதம் படகுகள் கரையில் கிடக்கும். ஆண்கள் வீட்டில் கிடப்பார்கள். படகாவது வாயைத் திறக்காது. அப்பா காலையில் டீயில் சர்க்கரை அதிகம் என்று ஆரம்பித்தால், மத்தியானத்துக்குள் ஃபேன் ஓடும் வேகம், தம்பியின் தலைமுடி, நாட்டின் நிலைமை எல்லாவற்றையும் திருத்திவிடுவார். சுற்றுலா யோசனை அம்மாவுடையது.

"இந்த ஆள ரெண்டு நாளு எங்கயாச்சும் இட்டுனு போனாத்தான் வூட்டுக்குள்ள காத்து வரும்."

எனக்கு அதில் வேறொரு விஷயம் மாட்டியிருந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தங்க இடம் அவர்களே தருவார்கள், கைச்செலவுக்கும் கொஞ்சம் பணம் உண்டு. அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். படிவம் மூன்று வாரமாக டி.வி.க்கு அடியில் இருந்தது.

"பெங்களூர்ல கடல் இருக்குதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"அப்ப அங்க மனுசன் எதப் பாத்துனு இருப்பான்?"

அவர் மனதில் வேறு ஏற்பாடு இருந்தது. உழவர்கரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். அந்த ஆடிட்டர் அம்மாவிடம் மீன் வாங்குகிறவர். ஸ்கூட்டியில் போய்விட்டு மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். என் வாழ்க்கையை அவர் மத்தியானச் சோற்றைச் சுற்றி வரைந்திருந்தார்.

கடைசியில் அவரே ஒரு பந்தயம் கட்டினார். டிக்கெட், ரூம், பஸ் எல்லாம் தனி. அதற்கு மேல் இரண்டு நாள் கைச்செலவுக்கு எட்டாயிரம் என் கையில் தருவார். நாலு பேரையும் அதற்குள் நடத்திக்கொண்டு வரவேண்டும். ஒரு ரூபாய் கூடுதலாக அவரிடம் கேட்டாலும் உழவர்கரை. கேட்காமல் திரும்பினால் கையெழுத்து.

ஒரு நாளைக்கு நாலாயிரம். ஆளுக்கு அறுநூறு என்று நாலு கவர், இரண்டாயிரத்து நானூறு. பொதுச் சாப்பாட்டுக்கு ஆயிரத்து இருநூறு. எதிர்பாராத செலவுக்கு நானூறு. அழகாக உட்கார்ந்தது. லேப்டாப்பைத் திருப்பி அப்பாவிடம் காட்டினேன்.

"இதுல வலைப் பங்கு எங்க?" என்றார்.

படகில் அப்படித்தான். மீன் விற்ற பணத்தில் டீசலையும் ஐசையும் முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, அப்புறம்தான் ஆட்களுக்கு. சாப்பிடாத, தூங்காத, பள்ளிக்கூடம் போகாத வலைக்கு வருடம் முழுக்கச் சம்பளம்.

"தீம் பார்க்குல வலை இன்னா பண்ணும், ராட்டினம் ஏறுமா?" என்றார் அம்மா, வெங்காயம் உரித்தபடி.

"கிழிஞ்சா தைக்கிறது யாரு? பங்குன்னா பங்குதான்."

எதிர்பாராத செலவு என்ற தலைப்பை அழித்துவிட்டு 'வலை' என்று போட்டேன். அதற்கு நிறம் கொடுக்கவில்லை. அப்போது அது எனக்கு நக்கலாக இருந்தது.

பார்க் வாசலுக்கு ஒன்பதரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சென்னைப் பக்கம் இருக்கிறது, அவ்வளவு போதும். பையைச் சோதித்த செக்யூரிட்டி புளிசோற்று டப்பாவை எடுத்து வெளியே வைத்தார். அதன் கீழே பொரித்த நெத்திலிக் கருவாடு. அதற்கும் கீழே, நான் அதுவரை அறியாத ஆறு கருவாட்டுப் பொட்டலங்கள்.

"வெளி சாப்பாடு உள்ள அலவுடு கெடையாதும்மா."

"இது சாப்பாடு இல்லப்பா, சரக்கு," என்றார் அம்மா.

"எதுக்கும்மா சரக்கு?" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"எங்க போனாலும் ஒருத்தன் கேப்பான் டி."

சரக்கு என்ற பேரில் பொட்டலங்கள் உள்ளே போயின. புளிசோற்றுக்கு அம்மா கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. பையில் கொண்டுபோகக் கூடாதுதான், ஆனால் வயிற்றில் கொண்டுபோகக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து, மத்தியானச் சாப்பாட்டைக் காலை ஒன்பதே முக்காலுக்கு நாலு பேரும் சாப்பிட்டு முடித்தோம். கார்களில் வந்து இறங்கியவர்கள் எங்களைப் பார்த்தார்கள். கருவாட்டின் வாசனை அவர்களையும் பார்த்தது. பொதுச் சாப்பாட்டுக் கட்டத்தில் பெரிய மிச்சம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அந்த மிச்சம் கால் மணி நேரம் உயிரோடு இருந்தது. தண்ணீர்ப் பக்கம் போக நைலான் உடை கட்டாயம். லுங்கி கூடாது, புடவை கூடாது, என் சுடிதார் கூடாது. வாடகை தலைக்கு நூற்றைம்பது. துணிகளை வைக்க லாக்கர் இருநூறு. எண்ணூறு ரூபாய் போனது. எக்ஸெல்லில் நான்கு பேருக்கு நிறம் கொடுத்தேனே தவிர, நான்கு பேருக்கும் உடம்பு உண்டு, அதில் துணி இருக்கும் என்று யோசிக்கவில்லை. வலைப் பங்கு நானூறும் முழுசாகக் காலி. மீதி நானூறு சாப்பாட்டிலிருந்து.

"கிழிஞ்சிடுச்சா?" என்றார் அப்பா. முழங்கால் வரை நீல டிரவுசர், மேலே மீன் படம் போட்ட சட்டை. அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, நானும் அதே மீனைத்தான் போட்டிருந்தேன்.

கவர்களைக் கொடுத்தேன். "இது இன்னிக்கி முழுக்க. நாளைக்கி வேற," என்றேன்.

தம்பி அவனுடையதைப் பந்தெறிந்து பொம்மை ஜெயிக்கும் கடையில் கொட்டினான். ஜெயித்தது ஒரு கீ செயின். புளிசோற்றோடு சுழலும் கிண்ணத்தில் ஏறினான், புளிசோறு இல்லாமல் இறங்கினான். நான் மட்டும் என்ன. போனுக்குத் தண்ணீர் புகாத பை இருநூற்று முப்பது. சறுக்கில் இறங்கும்போது அவர்கள் எடுத்த போட்டோ இருநூற்றைம்பது, அதில் எனக்குக் கண்ணும் இல்லை, வாயை மட்டும் நன்றாக எடுத்திருந்தார்கள். ஐஸ்கிரீம் நூற்றிருபது. நிதியமைச்சரின் கவர் பன்னிரண்டரைக்குக் காலி. அம்மா தன் கவரை மடித்து எங்கோ செருகிவிட்டு, ஆழமில்லாத குளத்தில் காலை மட்டும் நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். கடலோரத்தில் பிறந்தவருக்கு நீலப் பெயின்ட் அடித்த தொட்டியில் நம்பிக்கை வரவில்லை.

மூன்று மணிக்குத் தம்பி ஓடிவந்தான்.

"க்கா, அப்பாவ ஜூஸ் கடையில புடிச்சி வச்சிருக்காங்க."

இங்கேதான் நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தடைக்காலத்தில் எல்லோருக்கும் லீவு என்று நாங்கள் கிளம்பினால், குப்பத்தில் மற்றவர்களுக்கும் அது தடைக்காலம்தானே. பாதிக் குப்பம் பார்க்குக்குள் இருந்தது. எல்லோரும் அதே மீன் சட்டை. எங்கள் குப்பத்தில் ஒருவர் கையில் காசு இருப்பது தெரிந்தால் அவர்தான் அன்று எல்லோருக்கும் டீ வாங்குவார். நல்ல மீன் பட்டவர் வாங்கித்தான் ஆகவேண்டும், யாரும் கேட்கமாட்டார்கள், சும்மா சுற்றி நிற்பார்கள். அப்பா அவர்களிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எம் பொண்ணு காலைல கவர்ல போட்டுக் குடுக்குது, கம்பெனி மாரி," என்று பெருமை அடித்திருக்கிறார். பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். அவரோடு பதிமூன்று. ஒரு சாத்துக்குடி ஜூஸ் எண்பது ரூபாய். ஆயிரத்து நாற்பது.

கவரில் இருந்த அறுநூறைக் கொடுத்துவிட்டு, ஊரில் டீக்கடையில் சொல்வதுபோல, "மிச்சத்த பொண்ணு வந்து குடுக்கும்," என்றிருக்கிறார். ஜூஸ் கடைக்காரம்மா வாதாடவில்லை. அப்பா கையில் மாட்டியிருந்த லாக்கர் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். எங்கள் நான்கு பேரின் துணியும் அந்த லாக்கரில்.

நானூற்று நாற்பது. பொதுவில் என்னிடம் எண்ணூறு இருந்தது, அது ராத்திரிச் சாப்பாடு. நாளைய பணத்தில் கைவைத்தால் நாளை இதே நேரத்தில் நான் அப்பாவிடம் கையேந்துவேன். பெங்களூர் அந்த ஆணியில் சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"கணக்கு ஒதைக்குதுன்னா சொல்லு," என்றார் அப்பா, ஜூஸ் டம்ளரைக் கீழே வைக்காமல். "நான் தரேன். ரூம்ல இருக்குது."

அந்தக் குரலில் இருந்த அன்புதான் என்னை உஷாராக்கியது.

"வேணும்னே பண்ணியாப்பா?"

"பன்னெண்டு பேரு சுத்தி நின்னா இன்னா பண்றது சொல்லு."

கேட்டதற்கு அது பதில் இல்லை. அவர் என் முகத்தையும் பார்க்கவில்லை, டம்ளருக்குள் இருந்த ஐஸ்கட்டியைப் பார்த்தார். பொண்ணு கண்ணுக்கு எட்டாமல் போவதை நிறுத்த ஆயிரத்து நாற்பது ரூபாய் ஒன்றும் அதிகமில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். இல்லை, நிஜமாகவே பன்னிரண்டு பேர் நின்றிருக்கலாம். இன்றுவரை தெரியாது.

அப்போது அம்மா வந்தார். கையில் இரண்டு கவர். ஒன்று நான் கொடுத்தது, திறக்கவே இல்லை. இன்னொன்றில் தொள்ளாயிரம் ரூபாய்.

"இது ஏது?"

"கருவாடு. வாசல்ல அந்த செக்யூரிட்டிப் பையன் ரெண்டு வாங்கினான். லாக்கர் குடுக்கற பொண்ணு ரெண்டு. டிக்கெட்டு கிழிக்கிறவரு ரெண்டு. பொட்டலம் நூத்தம்பது. சொல்தா வீட்டம்மாவே எங்கிட்ட பேரம் பேசுவாங்க, இவங்க ஒரு வார்த்த பேசல."

சொல்தா வீடுகள் என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் வீடுகள். அம்மாவின் பழைய வாடிக்கை. நான் போட்ட கணக்கில் இந்தத் தொள்ளாயிரத்தை எழுத இடமில்லை. இரண்டு நாளில் யாராவது சம்பாதிக்கவும் கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, வரவுக்கு ஒரு கட்டம்கூடப் போட்டிருக்கவில்லை. மூன்று வருட பி.காம்.

"ம்மா, ஒரு நானூத்தி நாப்பது..."

"அது என் காசு டி. படகுக் கணக்குல வராது." மீன் விற்கிற பெண்களின் காசு எங்கள் பக்கம் வீட்டுக் கணக்கில் சேராது. அப்பாவே கேட்டு வாங்கித்தான் பார்த்திருக்கிறேன். அம்மா என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "நாளைக்கி உன் பங்கு எவ்ளோ?"

"அறுநூறு."

"நான் எடுத்துக்கறேன். இப்ப நானூத்தி நாப்பது அட்வான்சு. நாளைக்கி கவரு எனக்கு."

"மிச்சம் நூத்தியறுவது?"

"கமிஷன்."

வியாபாரிகள் சீசனுக்கு முன்பே படகுக்கு அட்வான்ஸ் கொடுத்து வைப்பார்கள். அப்புறம் படும் மீனெல்லாம் அவர்களுக்குத்தான், விலையும் அவர்கள் சொல்வதுதான். அப்பா இருபது வருடமாகத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடும் ஏற்பாடு. மீன் சட்டையோடு, ஜூஸ் கடை வாசலில், இன்னொரு தடவை போட்டார். சாவி ஆணியிலிருந்து இறங்கியது. ராத்திரி எழுநூற்று அறுபது ரூபாய்க்குப் பரோட்டா சாப்பிட்டோம், என் கையில் நாற்பது மிஞ்சியது.

இரண்டாம் நாள் நாங்கள் அனுபவசாலிகள். உடை வாடகை கேட்கும் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. வேப்பமரத்தடியில் இட்லி. செக்யூரிட்டி எழுந்து வந்து, கருவாடு நன்றாக இருந்ததாக அவர் மனைவி சொன்னதைச் சொன்னார். அப்பாவின் கவரை அவர் கண் முன்னால் அம்மாவிடம் கொடுத்தேன். அன்று முழுக்க அவர் ஒவ்வொரு டீக்கும் அம்மாவிடம் கை நீட்டவேண்டும் என்று நான் காத்திருந்தேன், ஏமாந்தேன். நேற்று ஜூஸ் குடித்த பன்னிரண்டு பேருக்கும் அது வயிற்றில் உறுத்தியிருக்கிறது. ஒருவர் பஜ்ஜி வாங்கினார், ஒருவர் பாப்கார்ன், ஒருவர் பிரியாணியே வாங்கினார். பைசா இல்லாமல் பார்க்கைச் சுற்றியவர் அப்பா, எங்களில் அதிகம் சாப்பிட்டவரும் அவர்தான். வலைப் பங்கில் தம்பியின் அறுந்த செருப்புக்கு மாற்று வாங்கினேன். பஸ்ஸில் ஏறும்போது நூற்று முப்பது ரூபாய் மிச்சம்.

படிவத்தைப் போன் பையில் போட்டு இரண்டு நாளும் கழுத்திலேயே தொங்கவிட்டிருந்தேன். மரக்காணம் தாண்டியதும் எடுத்து நீட்டினேன்.

"உங்க அம்மாகிட்ட நானூத்தி நாப்பது வாங்கின இல்ல. எட்டாயிரத்துக்கு மேல போயிடுச்சி," என்றார் அப்பா.

"நான் வாங்கல, நீ வாங்கின. உன் பங்குக்கு அட்வான்ஸ். அட்வான்ஸ் கடனா?"

 கடன் என்றால் மீனவர் சங்கத்தில் அவர் இருபது வருடமாகச் சொல்லிவந்தது பொய்யாகிவிடும். அங்கே அவர் வாதமே, அட்வான்ஸ் கடன் இல்லை, அதற்கு வட்டி கேட்கக் கூடாது என்பதுதான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"போட்டுக் குடுய்யா," என்றார் அம்மா, கண்ணை மூடியபடியே. "இவள ரெண்டு மாசம், உன்ன ரெண்டு மாசம் வெளிய அனுப்பினா எனக்கு நாலு மாசம் நிம்மதி."

காலாப்பட்டு வேகத்தடைகளில் என் முதுகை மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டார். முதல் எழுத்து கோட்டுக்கு மேலே, கடைசி எழுத்து அடுத்த பத்தியில்.

பெங்களூரில் சேர்ந்த முதல் நாளே கம்பெனி அம்மா ஒருவர் படிவத்தை உற்றுப் பார்த்தார். நானே போட்ட கையெழுத்து என்று சந்தேகம். நல்லவேளை, தமிழ்க்காரர். அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னுதுதான்மா," என்றார் அப்பா. பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "பஸ்ஸு குலுக்கிடுச்சி. ஆமா, எம் பொண்ணுக்கு மாசம் எவ்ளோ குடுக்கறீங்க?"

அவர் தொகையைச் சொன்னார்.

"அது ஆளுக்கு. வலைக்கு?"

கம்பெனி அம்மா என்னைப் பார்த்தார். நான் போன வாரம் வாங்கிய பர்ஸைப் பார்த்தேன். அதில் தனியாக ஒரு ஜிப், உள்ளே நானூறு ரூபாய். "நான் பாத்துக்கறேன்ப்பா," என்றேன்.