ஒற்றைக் குட்டி

எப்போது தொடங்குவது என்பதில் மதினிக்கும் எனக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. எப்போது நிறுத்துவது என்பதில்தான் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, ஒரு வருஷம் எங்கள் வீட்டில் வாடகை தராமல் குடியிருந்தது என்றே சொல்லலாம்.

மதினி என் கணவரின் அக்கா. மலையாளக் கரையில், மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி திரும்புவதற்குள் நாலு பேரைத் திட்டவேண்டிய அளவுக்குக் குறுகலான சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் தையல் மிஷின் போட்டு மதினி ரவிக்கை தைத்தார். கல்யாணம் கூடிவரவில்லை, அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எழுபதுகளின் கடைசியில், ரவிக்கை தைக்க வந்த ஒரு டீச்சர் அவருக்கு ஒரு வெள்ளைப் பொமரேனியன் பெண்குட்டியைக் கொடுத்தார். அன்று முதல் மிஷினுக்கு அடிதான் அதன் இடம். மிதிகட்டை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அது பக்கத்திலேயே சுருண்டு தூங்கும். மதினி அதை "மோளே", மகளே என்றுதான் கூப்பிடுவார்.

எட்டாம் மாதமே அதற்கு ஹீட், இணை தேடும் பருவம், வந்துவிட்டது. சிறு ஜாதி நாய்களுக்கு அப்படித்தான் சீக்கிரம் வரும். மிருக ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், "இப்போ வேண்டா சேச்சி, அது தன்னே குட்டியல்லே? மூணாமத்தெ ஹீட்டு வரட்டே" என்றார். மதினி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். இரண்டு ஹீட்டுக்கும் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, சந்து நாய்களைத் துடைப்பத்தோடு விரட்டி, வீட்டையே கோட்டை ஆக்கினார். இரண்டு வயது நெருங்கிய பிறகுதான் இணை சேர்க்கத் தோப்பும்படிக்குக் கொண்டுபோனோம். தொடங்கிய வயதைப் பற்றி அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

தோப்பும்படியில் ஆண் பொமரேனியன் வைத்திருந்தவர் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பணம் வாங்கமாட்டார். குட்டிகளுக்கு நாற்பது நாள் ஆனதும் வருவார். கூடையில் எட்டிப் பார்த்து, முதல் தேர்வாகத் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். ஆண் நாய்க்காரருக்கு முதல் குட்டி என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். மிச்சக் குட்டிகளுக்கு வயிறு தெரிவதற்கு முன்பே ஆள் தயாராக இருக்கும். ரவிக்கை வாங்க வருகிற யார் கேட்டாலும் மதினிக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. இப்படி மூன்று பிரசவம் ஆயிற்று. ஒரு குட்டிகூட எங்கள் வீட்டில் தங்கவில்லை. ஒவ்வொரு தடவையும், "அடுத்த தடவை நமக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

மூன்றாவது பிரசவத்தோடு நாய்க்கு ஐந்து வயது. "மதி", போதும் என்று கம்பவுண்டர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நானும் அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து மதினி மறுபடி ஆரம்பித்தார்.

சிறு நாய்களிடம் உள்ள பெரிய பித்தலாட்டம், அவை கிழடானாலும் குட்டி மாதிரியே இருக்கும் என்பது. வெள்ளை நாய் வேறு; நரையும் தெரியாது. "பாரு, எப்படித் துள்ளுது!" என்பார் மதினி. எனக்குத் துள்ளல் தெரியவில்லை. மாடிப்படி ஏறினால் அதற்கு மூச்சு வாங்கியதும், கண்ணில் நீலம் படர ஆரம்பித்ததும்தான் தெரிந்தது.

"இதோட வயித்துல பொறந்தது ஒண்ணு எனக்கு வேணும். நாளைக்கு இது போயிட்டா நான் என்ன செய்வேன், நீயே சொல்லு."

"இருக்கறதைப் பணயம் வெச்சா வாங்கணும் மதினி? கொடுத்ததுல ஒண்ணைத் திருப்பிக் கேளுங்க."

"கொடுத்ததைக் கேப்பாங்களாட்டி?"

அதற்குமேல் இரண்டு நாள் மிஷின் மட்டும் ஓடியது. எனக்குச் சும்மா இருக்கவே தெரியாது. சின்ன வயதில் இருந்தே காலில் சக்கரம் என்று திட்டு வாங்கியவள். அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடந்து நடந்து ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லவில்லை. அந்த நாய் அவருடையது, பயமும் அவருடையது. நியாயம் மட்டும் என் பக்கம் இருந்து என்ன பிரயோஜனம்?

ஒருநாள் ஆட்டோ பிடித்துத் தோப்பும்படிக்குப் போனோம். ஆண் நாய்க்காரர் எங்கள் நாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "வயசு கொறச்சு ஆயல்லோ சேச்சி" என்று, வயது ஏறிவிட்டதே என்ற பாவனையில் தயங்கினார். மதினி அவர் முகத்தைப் பார்க்காமல் நாயைத் தடவிக்கொண்டு, "இதொரு தடவை மட்டும் சேட்டா" என்றார். அந்தக் குரலைக் கேட்டபிறகு அவருக்கும் மறுக்க முடியவில்லை.

அந்த இரண்டு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. வயிறு பெரிதாகவே இல்லை. "சினை பிடிக்கல போல" என்று யாராவது சொல்லும்போது எனக்குச் சந்தோஷம், மதினிக்கு முகம் விழுந்துவிடும். கடைசி வாரத்தில் காம்பு சிவந்தது. ஒருநாள் காலையில் நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. வெட்டுத்துணிக் கூடையைக் கவிழ்த்து, துணிகளைப் பல்லால் கிழித்து, தரையைப் பிறாண்டியது. மூலைக்கு மூலை மாறிப் படுத்தது. அது நடக்க, நான் நடக்க, மதினி மட்டும் மிஷின் மேல் கையை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஆகியும் குட்டி வரவில்லை. முக்கி முக்கி அதன் கால்கள் நடுங்கின. நான் ஓடிப்போய்க் கம்பவுண்டரைக் கூட்டி வந்தேன். ஊசி போட்டார், கையைக் கழுவிக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் ஒரே ஒரு குட்டி வந்தது. தாயின் அளவுக்கு அது மிகப் பெரிய குட்டி.

"வேறெ இல்ல" என்றார் கம்பவுண்டர், வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு. "பிராயம் ஆயால் இங்ஙனெயா. ஒண்ணு, ரெண்டு. அத்ரெயே உள்ளூ." வயதான நாய்க்கு ஒன்றோ இரண்டோதானாம்.

தாய் பிழைத்தது. ஆனால் எழுந்திருக்கத் திராணி இல்லை, பாலும் ஊறவில்லை. மதினி இரவு பகலாக அதன் தலைமாட்டில் இருந்து குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். குட்டி என் பங்குக்கு வந்தது. மை ஊற்றும் ஃபில்லரை வெந்நீரில் கழுவி, ஆட்டுப்பாலை அதில் இழுத்து அதன் வாயில் விட்டேன். அது என் சுண்டுவிரலைச் சப்பிக்கொண்டே தூங்கும். எனக்குள்ளே இவ்வளவு பொறுமை எங்கே இருந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம், எனக்கும்தான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தாய் தானாகத் தண்ணீர் குடித்த பிறகுதான், மதினி குட்டி இருந்த அட்டைப்பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதானே இருக்கு" என்றார். தாயின் வாயைத் துடைத்துவிட்டு, "அப்ப அது அவருக்குத்தான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் தேர்வு தோப்பும்படிக்காரருக்கு. இருப்பது ஒன்று என்றால் முதலும் அதுதான், கடைசியும் அதுதான். இத்தனை பாடும் பட்டது இதற்கா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவரிடம் பேசிப் பார்க்கலாமே என்றேன்.

"கேக்கக் கூடாது. கேட்டா அவரு எப்படி வேணும்னு சொல்லுவாரு? வேண்டாம்னு சொல்ல வெச்சு வாங்கின மாதிரி ஆயிரும்."

நாற்பது நாள் ஆயிற்று. அவர் வரவில்லை. ஐம்பது ஆயிற்று. ஷிப்ட் மாறியிருக்கும் என்றார் மதினி. இரண்டரை மாதமாயிற்று. சந்தில் ஆட்டோ நின்றால் மிஷின் நிற்கும். ஆட்டோ கிளம்பிய பிறகுதான் திரும்ப ஓடும். மதினி குட்டியைத் தொடவே இல்லை. "கை வெச்சா விட மனசு வராது" என்றார். அது அவர் காலடியில் போய் வெட்டுத்துணியை இழுக்கும்போதெல்லாம், "இதைப் பிடிச்சுக்கிட்டுப் போ" என்று என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு பெயர் சொல்லிக்கூட அதை அவர் அழைக்கவில்லை. நான்தான் சோறு பிசைந்தேன், குளிப்பாட்டினேன், இடி இடித்தால் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்படியே மூன்று மாதமும் தாண்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. தாய்க்கு மருந்து வாங்கப் போன இடத்தில் கம்பவுண்டரிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன்: "அந்த மனுஷர் வர்றாரா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எங்க மதினி வாசலைப் பாத்தே செத்துருவாங்க!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தோப்பும்படிக்காரர் வந்து நின்றார். அவர் உட்காரும் முன்பே மதினி எழுந்து, கையில் கத்தரிக்கோலோடு, "இதான் சேட்டா குட்டி. எடுத்துட்டுப் போங்க" என்று கடகடவென்று சொல்லிவிட்டார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "ஒண்ணே உள்ளூன்னு அந்நே எனிக்கு அறியாம் சேச்சி. அதான் ஞான் வராஞ்ஞது. நிங்ஙள் இப்போழும் காத்திருக்கான்னு இந்நலெயா கேட்டது. இது சேச்சிக்குள்ளதா. எனிக்கு வேண்டா." ஒற்றைக் குட்டி என்று அன்றே தெரிந்துதான் வராமல் இருந்தாராம்; நாங்கள் இன்னும் காத்திருப்பதை நேற்றுதான் கேள்விப்பட்டாராம்.

மதினி கத்தரிக்கோலை மிஷின் மேல் வைத்தார். அழுதார் என்றுகூடச் சொல்லமுடியாது. மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, "வா மோளே" என்றார்.

குட்டி அவரைப் பார்த்தது. சுற்றிக்கொண்டு வந்து என் புடவைக் கொசுவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"ரெண்டு திவசம் கொண்டு சரியாவும்" என்று தோப்பும்படிக்காரர் சிரித்தார், இரண்டு நாளில் பழகிவிடுமாம். சாயா குடித்துவிட்டுப் போனார். மிஷினுக்கு அடியில் தாய் இரைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"நீ இதை என்னன்னு கூப்பிடுவே?" என்று மதினி என்னிடம் கேட்டார். நான் குட்டிக்குப் பெயர் வைத்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு எப்படித் தெரிந்ததோ. சொன்னேன். அந்தப் பெயரை அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். குட்டி காதை நிமிர்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தது.

நான் அதைத் தூக்கி மதினியின் மடியில் வைத்தேன். இறங்கி வந்துவிட்டது. மறுபடியும் வைத்தேன். மறுபடியும் இறங்கி வந்தது. மூன்றாம் தடவை தூக்கும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுட்டி" என்றார். "போட்டும்."