ஒரு நூல் இடைவெளி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காரைச் சுற்றி நின்றவர்கள் மூன்று பேர்: நான், அப்பா, தங்கை. இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. மெக்கானிக் தன் பையனுக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு சமயபுரம் போயிருந்தார். அம்மா பொன்மலையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். மெக்கானிக் ஊரில் இருந்திருந்தால் நான் ஸ்பானரைத் தொட்டிருக்கவே மாட்டேன். அம்மா இருந்திருந்தால் "உனக்கு இது தெரியுமாடா?" என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாள். எங்கள் வீட்டில் என்னிடம் அப்படிக் கேட்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

கே.கே. நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. தெருவோரப் புங்க மரத்தடியில்தான் நிற்கும். பதினோரு வருடப் பழைய வண்டி. அப்பா இருபது வருடம் ஆட்டோ ஓட்டியவர். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்த மறுவருடம், ஆட்டோவை விற்று, என் சேமிப்பையும் சேர்த்து இதை வாங்கினோம். இரும்புக் குழாய்களை அளந்து பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதுவது அங்கே என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் படித்தேன். ஆனால் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து உள்ளே கைவிட்டதில்லை. இதை நான் அப்பாவிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை என்பதுதான் அவசரம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு அப்பா அவர்களை ஏற்றிக்கொண்டு தில்லைநகர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் விட்டு, காத்திருந்து, பதினோரு மணிக்குத் திரும்பக் கூட்டி வருவார். மற்ற சவாரிகள் வரும், வராது. இது ஒன்றுதான் நிலையானது. தவிர, கார் வாங்கிய பிறகு அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடிய முதல் வாடிக்கையும் அதுதான்.

ஒன்பது நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. பானெட்டிலிருந்து புகை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. அந்தப் பெரியவர் பாலத்துச் சுவரோரம் மனைவிக்குக் குடை பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார். வீட்டில் இறங்கும்போது அப்பாவிடம், "கோச்சுக்காதீங்கோ. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்க வேண்டியதுதான்" என்றாராம். அன்றிலிருந்து அப்பா சீட்டுக்கடியில் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இறக்கிவிடும் இடத்திலெல்லாம் ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கேன் காலியாகும் வேகம் கூடிக்கொண்டே போனது.

கசிவு எங்கே என்று கண்டுபிடித்தது நான்தான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ரேடியேட்டரிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாய் இன்ஜினில் சேரும் இடத்தில் உள்ளங்கையில் அடங்குகிற ஓர் அலுமினிய மூடி இருக்கும். தெர்மோஸ்டாட் ஹவுசிங். அதன் விளிம்பில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் படலம், அதன் கீழே ஈரம். தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்குத் திறந்து குளிருக்கு மூடும் சின்ன வால்வு. பரீட்சையில் படம் வரைந்து எட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை பாலக்கரையில் புது தெர்மோஸ்டாட், ரப்பர் பேக்கிங், ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலன்ட் எல்லாம் வாங்கி வந்துவிட்டேன்.

இரண்டு போல்ட்டையும் கழற்றி மூடியை எடுத்தால் உள்ளே வெறும் ஓட்டை.

"தெர்மோஸ்டாட்டே இல்லையேப்பா!"

"அதை மெக்கானிக் வண்டி வாங்கினப்பவே கழட்டிட்டாரே. நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு, சும்மா அடைச்சுக்கும்னாரு."

நான் ஒரு பாடமே எடுத்தேன். இன்ஜினுக்கு அதிகச் சூடும் ஆகாது, அதிகக் குளிர்ச்சியும் ஆகாது, அது இல்லாவிட்டால் டீசல் கூடச் செலவாகும், தேய்மானம் வரும். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். தங்கை, கையில் செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்றாள்.

"லைட்டை ஒழுங்கா பிடிடீ."

பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தேன். மூடி உட்காரும் இடத்தைத் துடைத்தேன். புது தெர்மோஸ்டாட்டை அதற்கான பள்ளத்தில் வைத்து, மூடியைப் பொருத்தி, போல்ட்டுகளைக் கையால் திருகினேன். பிறகு ஸ்பானர். ஒரு பக்கம் சட்டென்று இறுகிவிட்டது. இன்னொரு பக்கம் இறுக மறுத்தது. நன்றாக இறுக்கினால்தானே கசியாது என்று முழங்கையை ஊன்றி இன்னும் ஒரு கால் சுற்று இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஸ்பானர் வழுக்கிய சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் புங்க மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூலன்ட் ஊற்றி வண்டியை ஸ்டார்ட் பண்ணினோம். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பெருமூச்சு விட்டு, கையைத் துடைத்து, மூன்று பேருக்கும் டீ போடத் தங்கையை அனுப்பினேன். அவள் டீயோடு வரும்போது வண்டிக்கடியில் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு சொட்டிக்கொண்டிருந்தது இப்போது ஒழுகியது. ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தால், மூடியில் போல்ட் போகும் காதில் மயிரிழை விரிசல். நான் மூடியை வைக்கும்போது தெர்மோஸ்டாட் பள்ளத்திலிருந்து நழுவி ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் மூடியை வைத்து இறுக்கியிருக்கிறேன். தெர்மோஸ்டாட்டும் வளைந்துவிட்டது.

"மூடி ஒரு பக்கம் ஒரு நூல் தூக்கித்தான் இருந்துச்சு" என்றார் அப்பா, மெதுவாக.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ஏம்ப்பா சொல்லல?"

"அது அப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். நீ படிச்சவன். தெரிஞ்சுதானே செய்வ."

"நானும் பார்த்தேன்" என்றாள் தங்கை.

"நீயாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"சொன்னா உனக்கென்ன தெரியும்ப. போன வாரம் மிக்ஸிக்கு அப்படித்தான் சொன்ன. வாயை மூடிட்டு லைட்டைப் பிடின்ன. பிடிச்சேன்."

அவளிடம் கோபப்பட எனக்கு வழியில்லை.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, பேங்க் பாரம், மாத்திரை அட்டை. தெரிந்ததைப் படித்துச் சொல்வேன், தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்வேன். ஒருமுறை கேஸ் இணைப்புக்கான பாரத்தில் முகவரியைத் தப்பாக எழுதிவிட்டேன். அப்பா ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு அந்த அலுவலகத்துக்கு இரண்டு தடவை அலைந்தார். என்னிடம், "அவங்க ஏதோ மாத்தி எழுதச் சொன்னாங்கப்பா" என்று மட்டும் சொன்னார். தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது வெகு நாள் கழித்து, அந்தப் பாரத்தின் நகலைப் பார்த்தபோதுதான். இன்ஜினைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர், கண்ணெதிரே மூடி தூக்கி நிற்பதைப் பார்த்தும், தன் கண்ணை விட்டுவிட்டு என் படிப்பை நம்பியிருக்கிறார். அப்படி நம்பும்படி பத்து வருடமாக நடந்துகொண்டவன் நான். எது முதலில் வந்தது என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டோம். பின்னால் மேளச் சத்தம். "இன்ஜினியர் சாரே இறங்கிட்டீங்களா!" என்று சிரித்தார். விவரம் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். "அதை ஒட்டல்லாம் முடியாது சார். புதுசுதான் போடணும். இன்னிக்கு எல்லாக் கடையும் லீவு. நாளைக்குச் சொன்னா நாளன்னிக்கு வரும். செவ்வாக்கிழமை சாயங்காலம் மாட்டித் தரேன்."

அப்படியானால் திங்கட்கிழமை வண்டி இல்லை. அப்பா வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றார். "பார்ட்டு தானா உடைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம் தம்பி. நீ செஞ்சதுன்னு எதுக்கு?" என்றார். சவாரி போய்விடும் என்ற பயத்தைவிட, என் பெயர் கெடும் என்ற பயம் அவர் குரலில் அதிகமாக இருந்தது. அதைக் கேட்ட பிறகு பெரியவருக்குப் போனிலேயே சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமைக்கு அப்பாவின் நண்பர் ஒருவரின் காரை வாடகைக்குப் பேசிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பினேன்.

சித்திரை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், முதல் மாடியில் அவர்கள் வீடு. பெரியவர் கதவைத் திறந்து, "யாரு?" என்று கண்ணாடியை ஏற்றினார். சொன்னேன். "வாங்கோ, உள்ள வாங்கோ" என்றார். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தேன். "தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு இருக்கு சார். அது ஒழுங்கா உக்காரலேன்னா..."

பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒடைச்சது யாரு?"

"நான்தான் சார். அப்பா மேல தப்பில்ல. நான் தெரியாம இறுக்கிட்டேன்."

"தெரியாமன்னா, வேலை தெரியாமலா?"

"ஆமா சார். வேலை தெரியாமதான்."

அந்த வாக்கியத்தை அதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தேன் போல. ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாதான் கேட்டார். "வண்டி கெடக்கட்டும். நாளைக்கு உங்கப்பா வருவாரோன்னோ?"

"வருவாரும்மா. அவர் ஃப்ரெண்டோட கார்ல. ஃப்ரெண்டு ஓட்டுவாரு, அப்பா முன்னாடி உக்காந்து வருவாரு."

"அப்ப சரி. ஆஸ்பத்திரி வாசல்ல வீல்சேர் தள்ளறவா எப்பவும் இந்தக் கையைத்தான் பிடிச்சு இழுப்பா." டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்திருந்த இடது கையைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. "பிடிக்கப்படாதுன்னு உங்கப்பாகிட்ட ஒரு தரம்தான் சொன்னேன். அதுலேருந்து அவர் யாரையும் அதைத் தொட விடறதில்ல."

பெரியவர் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. "நாளைக்குச் சரி. புதன்கிழமை அதே வண்டி வரணும். மாத்தி மாத்தி வந்தா எனக்கு ஒத்துவராது. பாலத்துல நின்னாப்ல இன்னொரு தரம் நிக்க என்னால ஆகாது, தெரிஞ்சுதா?" என்றார். வாசல் வரை வந்து, "செருப்பு பத்திரமா இருக்கா பாருங்கோ, நாய் தூக்கிண்டு போயிடறது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை அப்பா நண்பரின் காரில் போய்வந்தார். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டேன். மெக்கானிக் புது மூடியோடு வந்து, "தெர்மோஸ்டாட் போடணுமா, வேணாமா? உங்க வண்டி, உங்க படிப்பு" என்றார். போடுங்கள் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் ஸ்பானரை எடுப்பதற்கு முன், "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்தி, "அப்பா, நீங்க பாருங்க. சரியா உக்காந்திருக்கா?" என்று கேட்டேன்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். குனிந்து, மூடியின் விளிம்பைச் சுற்றிலும் நகத்தை ஓட்டினார். "இந்தப் பக்கம் லேசா நிக்குது" என்றார்.

"எங்கண்ணே?" என்று மெக்கானிக் குனிந்தார். "இல்லையே... அட, ஆமா." மூடியை எடுத்துத் திரும்ப வைத்தார். "காலையிலேருந்து வெயில்ல சுத்துறேன், கண்ணு பூத்துப்போச்சு" என்று முனகிக்கொண்டே, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். தங்கை, "நான் ஓகே சொல்ல வேணாமா?" என்றாள். அவளையும் பார்க்கச் சொன்னேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அப்பா போன் பண்ணினார். மீட்டரில் சூட்டு முள் நடுவிலேயே நிற்கிறது, பாலத்தில் அவ்வளவு நெரிசலிலும் ஏறவில்லை, பெரியவர் இறங்கும்போது வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு, "எவ்வளவு ஆச்சுப்பா மொத்தம்? மறைக்காம சொல்லு" என்றார்.

மறைக்காமல் சொன்னேன். ஒரு மூடி, இரண்டு தெர்மோஸ்டாட், இரண்டு தடவை கூலன்ட், மெக்கானிக் கூலி, திங்கட்கிழமை நண்பருக்குக் கொடுத்த கார் வாடகை எல்லாம் சேர்த்து நாலாயிரத்து நானூறு ரூபாய்.