காதுகுத்துக்குப் போகாத காலை

என் மனைவிக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆரப்பாளையத்தில் நாங்கள் இட்லிக்கடை போட்ட பிறகுதான் என்பது மட்டும் தெரியும். மில்லுக்குப் போகிற ஆட்கள் விடியும்போதே வந்துவிடுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே விறகடுப்பு. விறகு ஈரமாக இருந்தால் கடை முழுக்கப் புகை. அடுப்படி அவளுக்கு, இலை போட்டுப் பரிமாறுவது எனக்கு. வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. காலையில் எழுந்ததும் இருமி வெள்ளையாகச் சளி துப்புவாள், குடத்தோடு வரும்போது பாதி வழியில் நின்று மூச்சு வாங்குவாள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா முதலில் கேட்டது, வீட்டில் யாராவது பீடி, சிகரெட் குடிப்பார்களா என்றுதான். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

"அந்த விறகடுப்பே போதும். மூச்சுக்குழலெல்லாம் புகையில கெட்டுப்போயிருக்கு. முழுசாக் குணமாகாது, ஆனா அடக்கி வைக்கலாம்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தெனமும் இருக்கிற இருமல் வேற, திடீர்னு கூடுறது வேற. சளி மஞ்சளா, பச்சையா மாறினாலோ, படுக்க முடியாம உக்காந்தே தூங்கினாலோ, பேசவே மூச்சு வாங்கினாலோ வீட்ல வச்சுப் பாக்காதீங்க. அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க."

வெளியே வந்ததும் அவள், "புகை இல்லாம இட்லி எப்படி வேகுமாம்?" என்று சிரித்தாள்.

அந்தத் தை மாதம் அவள் தம்பி மகளுக்கு அழகர்கோவிலில் மொட்டையடித்துக் காதுகுத்து. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தை மீது அவளுக்கு உயிர். அத்தை சீராகக் கொலுசு வாங்கி, அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசேஷம் நெருங்கும்போது சளி பிடித்தது. முந்தின ராத்திரி சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். காலையில் வாசலோரம் துப்பியதைக் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அது பச்சையாக இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"மொதல்ல டாக்டரம்மாவப் பாத்துட்டுப் போவோம்."

"வந்து பாத்துக்கலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

பஸ் ஊரைத் தாண்டியதும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. "என்ன செய்யுது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல... நீங்க... சும்மா... வாங்க."

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. கடையில் அவள் பேசினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். உதட்டைப் பார்த்தேன், நாவல்பழம் தின்றது போல நிறம் மாறியிருந்தது. கண்டக்டரிடம், "அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க" என்றேன்.

வயலோரத்துப் புளியமரத்தடியில் அவளை ஒரு கல்லில் உட்காரவைத்தேன். அவள் என்னை முறைத்தாள், திட்டத்தான் மூச்சு இல்லை. "முழங்கால்ல கைய ஊனிக்க. சூடான காப்பிய ஊதுற மாதிரி உதட்டக் குவிச்சு மெதுவா விடு" என்றேன். நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது. நானும் கூடவே ஊதினேன். மதுரைக்குப் போன ஒரு காய்கறி வண்டி எங்களைப் பார்த்துத் தானாகவே நின்றது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். "இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா சிக்கலாப் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. மத்தியானத்துக்குள் தோள்கள் அடங்கின. அவள் மூச்சு வாங்காமல் பேசிய முதல் பேச்சு, "கொலுசப் பத்திரமா வச்சிருக்கீங்கள்ல?"

சாயங்காலம் அவள் தம்பி, பஸ் கண்டக்டரிடம் விசாரித்துக்கொண்டு கோவிலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். "அத்தக்காரி இல்லாம என்ன விசேஷம் மச்சான்? ஒரு வார்த்த சொல்லிவிட மாட்டீகளா?"

"உள்ள வந்து பாரு மாப்ள."

அக்காவையும் குழாயையும் பார்த்தவன் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் தோளில் குழந்தை, மொட்டைத் தலையில் சந்தனம், காது இரண்டும் சிவந்திருந்தன. என் மனைவி படுத்தபடியே குழந்தையின் காலை இழுத்துக் கொலுசைப் பூட்டினாள். குழந்தை அவள் கையில் குத்தியிருந்த ஊசியைத் தொடப் போனது.

"அத்தே, வலிச்சுச்சா?"

"இம்புட்டுத்தான்" என்று விரல் நுனியைக் காட்டினாள்.

வீடு திரும்பியதும் விறகடுப்பைப் பிரித்துவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினோம். அடுப்படி எனக்கு வந்தது, கல்லா அவளுக்கு. கொஞ்ச நாள் என் இட்லியைப் பற்றி மில் ஆட்கள் பேசாத பேச்சில்லை. அவளும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

நோய் போய்விடவில்லை. அடுத்த மார்கழிப் பனியில் ஒருநாள் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். "ஏங்க, சளி நெறம் மாறியிருக்கு. குடத்தத் தூக்க நேத்தவிட இன்னைக்குச் சிரமமா இருக்கு. வாங்க, போயிட்டு வந்துருவோம்" என்றாள். வெந்துகொண்டிருந்த இட்லி ஈட்டை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பினோம். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார். மத்தியானம் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு, பாயில் நன்றாக நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.